தீட்டிய அரிசியும் தீட்டிய வீணையும்

கரிகாற் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி எழுவதுண்டு. முடத்தாமக்கண்ணியார் யாழின் பத்தரை மான் குளம்பு பதிந்த தடத்தோடு ஒப்பிடுகிறார். அதன்மேல் இழுத்துப் போர்த்த தோலின் நிறத்துக்கு விளக்குச் சுடரை உவமை காட்டுகிறார். தோலைப் பொருத்திய ஆணிகளையும் விட்டுவிடுவதில்லை. ஓர் இசைக்கருவியின் ஒலியைச் சொல்லுமுன் அதன் தோற்றத்துக்கு ஏன் இத்தனை அடிகள் என்பது கேள்வி. கருவியைக் காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் அனுபவித்தவர்கள் நம் முன்னோர் என்று விடை சொல்லி அடுத்த அடிக்குப் போய்விடுவது நம் வழக்கமாக இருந்தது.

அந்த விடை முழுமையானதன்று என்பதை வேறொரு காப்பியம் உணர்த்திற்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1887-இல், உ.வே.சாமிநாதையர் பதிப்பித்து நமக்கு மீட்டளித்த சீவகசிந்தாமணியைத்தான் சொல்கிறோம். காந்தருவதத்தையார் இலம்பகத்தில் வீணைப் போட்டி நடக்கிறது. தன் முன் வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிப்போன மரத்தால் ஆனது. ஒன்று வாள் வெட்டுப்பட்ட மரம். மற்றொன்று இடியுண்ட மரம். போட்டிக்கு வந்த யாழ்கள் அழகில் குறைந்தவையாக இருந்திருக்க முடியாது. அது அரசர்கள் கூடிய அவை. அந்த அழகுக்குக் கீழே மரத்தின் வரலாறு என்ன என்பதே சீவகனின் விசாரணையாக இருந்தது.

இன்று தஞ்சாவூரில் வீணை வாங்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர் சீவகன் கேட்டதைக் கேட்கிறோம்? கண்ணாடி போல் மின்னும் குடத்தைத் தடவிப் பார்க்கிறோம். யாளி முகத்தின் வேலைப்பாட்டை வியக்கிறோம். நிறம் இன்னும் சற்று அடர்த்தியாக இருக்கலாமே என்கிறோம். மரம் எப்போது வெட்டப்பட்டது, எத்தனை காலம் உலர்ந்தது என்ற வினா நம் வாயில் வருவதில்லை. வீணைக்குப் பூசப்படும் மெருகு பற்றி நாம் எழுத நேர்ந்தது இதனால்தான். மெருகு ஒலிக்கு நல்லதா கெட்டதா என்பது பலரும் கேட்கும் கேள்வி. மெருகு எதை மறைக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி என்பது நம் கருத்து.

*

முதலில் நம் சொந்தப் பிழையைச் சொல்லிவிடுவது முறை.

நம் இல்லத்தில் அத்தையார் வாசித்த வீணை ஒன்று உண்டு. அத்தையார் மறைந்தபின் பல ஆண்டுகள் உறையிட்டுக் கூடத்து மூலையில் கிடந்தது. மகளுக்கு வீணைப் பயிற்சி தொடங்கியபோது அதைப் புதுப்பிக்க எண்ணி நகரத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். பழைய அரக்குப் பூச்சு மங்கி, விரல் பட்ட இடங்களில் தேய்ந்து, மரம் கருஞ்சிவப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரர் நேர்மையாகவே கேட்டார்: "சார், பழைய பூச்சு ஒண்ணும் மோசமில்லே. துடைச்சு, லேசா அரக்கு மட்டும் ஏத்தித் தரட்டுமா? இல்லே புதுசு மாதிரி வேணுமா?"

நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. கொலுவுக்கு வருபவர்கள் பார்ப்பார்கள். "புதுசு மாதிரியே இருக்கட்டும்" என்றோம்.

வீணை திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போல் இருந்தது. பழைய பூச்சு முழுவதும் சுரண்டப்பட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டு, நுண்துளைகள் மக்கு வைத்து அடைக்கப்பட்டு, நிறமேற்றி, அதன்மேல் கெட்டியான நவீனப் பூச்சு பல முறை ஏற்றப்பட்டிருந்தது. மெட்டுகளுக்குப் புது மெழுகு; குதிரைக்குப் புதுத் தகடு. வீடே பார்த்து மகிழ்ந்தது. மறுநாள் பாடம் எடுக்க வந்த ஆசிரியை சுருதி சேர்த்து நான்கைந்து சுரங்கள் வாசித்துவிட்டு நிறுத்தினார். "வீணைக்குச் சளி பிடிச்சிருக்கு, சார்" என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. முன்பு கூடத்தில் மீட்டினால் அடுக்களை வரை வந்து நின்ற ஒலி இப்போது மீட்டியவரின் மடியோடு அடங்கிவிட்டது. பல மாதங்கள் கழித்து, கைத்தொழிலில் முதிர்ந்த வேறொருவரிடம் காட்டினோம். குடத்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். குதிரையின் மேல் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் நோக்கினார். "மூணு வேலையை ஒரே நேரத்துலே பண்ணிட்டு எது கெடுத்துச்சுன்னு கேட்டா என்னங்க சொல்றது? முதல்லே குதிரையைப் பார்ப்போம்" என்றார். தகட்டின் வளைவை அரைமணி நேரம் பொறுமையாக இழைத்துச் சரிசெய்தார். போன ஒலியில் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி வரவில்லை.

அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் பிரித்து அறிய முயன்றதன் பயனே இக்கட்டுரை. மெருகின்மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது. குதிரையால் திரும்பி வந்த பாதி அவ்வாறு செய்யவிடாமல் நம்மைத் தடுக்கிறது.

*

மேற்குலகில் இந்த விவாதம் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737-இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி செய்த வயலின்களின் இனிமைக்குக் காரணம் அவருடைய வார்னிஷின் இரகசியக் கலவையே என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. பாரிஸ் இசை அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய கருவிகள் ஐந்தை ஆராய்ந்த பிரெஞ்சு, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009-இல் தம் முடிவை வெளியிட்டனர். மரத்தின்மேல் முதலில் உலரும் தன்மையுள்ள எண்ணெய். அதன்மேல் எண்ணெயும் பிசினும் கலந்த பூச்சு. அதில் நிறத்துக்காகச் சில வண்ணப் பொருள்கள். அக்காலத்து ஓவியர் எவரிடமும் இருந்திருக்கக்கூடிய சரக்குகள்தாம் அவை. இரகசியம் எதுவும் அகப்படவில்லை. 2017-இல் வெளிவந்த தைவான் ஆய்வொன்று பூச்சை விட்டு மரத்துக்குள்ளே நோக்கிற்று. அந்த மேப்பிள் மரம் உலோக உப்புகளால் பதப்படுத்தப்பட்டிருந்தது என்றும், காலத்தால் அதன் வேதியியலே மாறியிருந்தது என்றும் அவ்வாய்வு கண்டது. தேடல் மேலிருந்து உள்ளே இறங்கியிருப்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இதினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. 2010-இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்கு, கருவியைக் கண்ணால் இனங்காண முடியாதபடி மறைப்புக் கண்ணாடி அணிவித்து, பழைய வயலின் மூன்றும் புதிய வயலின் மூன்றும் கொடுத்து வாசிக்கச் செய்தார்கள். எது பழையது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை; பலரும் விரும்பிக் கேட்டது புதிய வயலின் ஒன்றைத்தான். 2012-இல் வெளியான இம்முடிவு குறித்து இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் கண் மூடப்பட்டால் காது வேறு தீர்ப்புச் சொல்லும் என்ற அளவில் அது நமக்குப் போதும்.

அவ்வாறாயின் பூச்சுக்கு ஒலியில் பங்கே இல்லையா? உண்டு. அமெரிக்க ஒலியியல் அறிஞர் ஜான் ஷெல்லெங் 1968-இலேயே இதை அளந்து எழுதினார். பூச்சு மூன்று காரியங்களைச் செய்கிறது. பலகைக்கு எடையைக் கூட்டுகிறது. அதன் விறைப்பை மாற்றுகிறது. அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்கி விரயம் செய்கிறது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பருமனுள்ள வயலின் மேற்பலகைக்கு இம்மாற்றங்கள் பொருட்படுத்தத்தக்கவை. மரம் இழைவாக்கில் விறைப்பு மிகுந்தது. குறுக்குவாக்கில் மிகத் தளர்ந்தது. பூச்சுக்கோ வாக்கு எதுவும் இல்லை, எத்திசையிலும் அது ஒன்றே. ஆகவே தளர்ந்த குறுக்குவாக்கையே அது மிகுதியாக மாற்றுகிறது. மெல்லிய பூச்சு சிறு கேடு செய்யும். தடித்த பூச்சு பெருங்கேடு செய்யும். எந்தப் பூச்சும் மரத்தில் இல்லாத குரலைக் கொண்டுவந்து சேர்க்காது. வயலினை ஆராய்ந்தவர்கள் சொன்னதன் சாரம் இவ்வளவே.

*

வயலினுக்குச் சொன்னதை அப்படியே வீணைக்கு ஏற்றிவிட முடியாது. வீணையின் மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் பலா மரங்களைத் தஞ்சைப் பட்டறைகள் தலைமுறைகளாக நாடிவருகின்றன. வீணையின் குடமும் மேற்பலகையும் வயலின் பலகையினும் தடித்தவை. அதே கனமுள்ள பூச்சு தடித்த பலகையில் செய்யும் மாற்றம் ஒப்புநோக்கச் சிறியது. இது வீணைக்குச் சாதகமான செய்தி.

பாதகமான செய்தியும் ஒன்றுண்டு. அது இசையின் இயல்பைச் சார்ந்தது. வயலினில் வில் ஓடும்வரை தந்திக்கு ஆற்றல் வந்துகொண்டே இருக்கிறது. பலகை சற்று உறிஞ்சினாலும் வில் மேலும் ஊட்டிவிடும். வீணையில் ஒரு மீட்டு, அவ்வளவுதான். அந்த ஒரு மீட்டில் கிடைத்த ஆற்றலை வைத்துக்கொண்டுதான் தந்தியை மெட்டின்மேல் இழுத்து, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து சென்று, அங்கே நின்று திரும்பவேண்டும். கார்வை குறைந்தால் கமகம் பாதி வழியில் மடிந்துவிடும். தோடியின் காந்தாரத்தை வீணையில் கேட்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எனவே ஆற்றலை உறிஞ்சும் எதுவும், பூச்சாயினும், மக்காயினும், ஈரம் காயாத மரமாயினும், வீணைக்கு வயலினைவிடப் பகை.

இம்மூன்றில் பெரும்பகை எது? காயாத மரமே. ஈரமுள்ள மரத்தில் உள்ளுராய்வு மிகுதி. அதிர்வு விரைவில் அடங்கும். அன்றியும், உலர உலர மரம் குறுக்குவாக்கில் சுருங்கும்; மெட்டுகளின் ஒழுங்கு பிசகும்; பலகையில் விரிசல் ஓடும். ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது உலகெங்கும் தச்சர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. குடைந்து வைத்த குடம் இதனினும் விரைவில் உலரும். ஆயினும், ஐப்பசியும் கார்த்திகையும் பொழிந்து தீர்க்கும் நம் டெல்டாவில் அது உலர்வதற்குக் கோடைகள் வேண்டும், காத்திருக்கக் கையில் பணமும் வேண்டும்.

மெருகின் உண்மையான இடம் இங்குதான் தெரிகிறது. பலாவின் வைரம் வெட்டிய புதிதில் மஞ்சள் நிறம். கீழை நாடுகளில் பௌத்தத் துறவியரின் ஆடைக்குச் சாயம் தந்த மஞ்சள் அது. ஒளியும் காற்றும் பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல, அது தேன்நிறமாகிக் கருஞ்சிவப்பாகும். பழைய வீணைகளில் நாம் கண்டு மயங்கும் நிறம் பெரிதும் காலம் ஏற்றிய நிறம். வாங்குபவர் அந்த நிறத்தை இன்றே கேட்கிறார். காலம் தரவேண்டியதைச் சாயப்புட்டி தருகிறது. சாயமும் மக்கும் தடித்த பூச்சும் ஏறியபின் ஐந்தாண்டு உலர்ந்த மரத்துக்கும் ஐந்து மாதம் உலர்ந்த மரத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடு இல்லை. சீவகனே வந்தாலும் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

ஈரத்தைப் பூச்சுக்குள் வைத்து மூடினால் அது அங்கேயே தங்கிவிடும் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறு தங்குவதில்லை. எந்தப் பூச்சும் ஈரத்தின் போக்குவரவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது. குடத்தின் உட்புறம் பெரும்பாலும் பூசப்படுவதில்லை. மேற்பலகையின் சிறு துளைகள் வழியே காற்று போய்வருகிறது. ஆகவே வெளிப்புறம் ஒரு வேகத்திலும் உட்புறம் ஒரு வேகத்திலும் உலர்கிறது. விலை கொடுத்து வாங்கியவர் வீட்டில் இரண்டாம் கோடையில் விரிசல் தோன்றுவதற்கு இதுவே ஏதுவாகிறது. அதற்குள் குற்றம் தட்பவெப்பத்தின்மேல் போய்விடும்.

*

மெருகே வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. பூசாத பலா இந்த ஈரக் காற்றில் அழுக்கேறி, வியர்வை குடித்து, சில மழைக்காலங்களிலேயே பொலிவிழந்துவிடும். பழைய முறையான அரக்குப் பூச்சு இதற்கென அமைந்தது. மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மையாக்கி, சாராயத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தொட்டுத் தொட்டு ஏற்றும் முறை அது. மிக மெல்லிய படலமாக அமையும். அடியிலுள்ள மரத்தின் இழை தெரியும். தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி ஏற்றலாம்; பழையதும் புதியதும் ஒன்றில் ஒன்று கரைந்து சேர்ந்துவிடும். அதன் குறைகளும் தெரிந்தவையே: வெந்நீர் பட்டால் வெளுக்கும், சூட்டில் இளகும், கைவேலை மிகுதி. நவீனப் பூச்சு விரைவில் காய்கிறது, நீருக்கு அசையாது, பளபளப்பு நெடுநாள் நிற்கிறது. நாற்காலிக்கும் கதவுக்கும் அது சிறந்ததே. ஆனால் பழுதுபார்க்கும் நாளில் அதைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். ஒவ்வொரு சுரண்டலிலும் மரத்தின் மேற்பரப்பும் சிறிது போகிறது. அத்தையார் கைபட்டு முதிர்ந்த மரத்தின் மேற்படலத்தை நாம் காசு கொடுத்துச் சுரண்டச் செய்தோம் என்பதை எண்ணினால் இன்றும் மனம் கூசுகிறது.

திரும்பி வந்த பாதி ஒலிக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.இராமன் 1921-இல் வீணை, தம்புரா ஆகியவற்றைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். ஒரு தந்தியை ஓரிடத்தில் மீட்டினால் அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை எழுகின்றன. அகன்று மெல்ல வளைந்த குதிரையின்மேல் தந்தி தொட்டும் விட்டும் அதிர்வதே அதற்குக் காரணம் என்று இராமன் காட்டினார். வீணையின் நாதத்தில் மெருகுக்கு உள்ள பங்கினும் அந்தத் தகட்டின் வளைவுக்கு உள்ள பங்கு பன்மடங்கு பெரிது. முதியவர் முதலில் குதிரையைப் பார்த்தது ஏன் என்பதற்கு இயற்பியலும் சான்று பகர்கிறது. ஆனால் குதிரையைச் சீர்செய்ததற்கு அவர் கேட்ட கூலி, பளபளப்புக்கு நாம் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒலிக்குக் குறைந்த விலையும் ஒளிக்கு நிறைந்த விலையும் வைத்திருப்பது யார்? பட்டறையா, நாமா?

*

இங்கே அரிசியைப் பற்றிப் பேசியாகவேண்டும். நெல்லோடு பிறந்து நெல்லோடு வளர்ந்தவர்களுக்கு இவ்விஷயத்தை விளக்க அதைவிடத் தக்க உவமை இல்லை.

புத்தரிசி குழையும், பழைய அரிசி உதிரும் என்பது தஞ்சை மாவட்டத்தில் அடுப்படி அறிந்த எவருக்கும் தெரியும். விருந்துக்கு வேண்டும் என்று ஓராண்டு கட்டிவைத்த அரிசியைத் தேடி வாங்குகிறவர்கள் நாம். ஓர் அரிசிக்கு வயது கேட்கத் தெரிந்த நமக்கு ஒரு வீணையின் மரத்துக்கு வயது கேட்கத் தெரியவில்லை.

அடுத்தது தீட்டல். ஆலை வந்தபின் அரிசி வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டும் என்ற ஆசையும் வந்தது. தீட்டத் தீட்டத் தவிடு போயிற்று. தவிட்டோடு சத்தும் போயிற்று. தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை ஜாவாவில் கண்டறிந்த ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனாலும் நம் கண் வெள்ளையைத்தான் நாடிற்று. நெல் ஜெயராமன் போன்றவர்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பாவையும் பிற மரபு நெல்களையும் உழவர் கைக்குத் திரும்பக் கொண்டுவந்தனர். 2018-இல் அவர் மறைந்தபோது, தீட்டாத சிவப்பரிசியைக் கேட்டு வாங்கும் ஒரு கூட்டம் நகரங்களில்கூட உருவாகியிருந்தது. சுவை மாறும், கேட்பவர் மாறினால் விற்பவரும் மாறுவார் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று.

தீட்டுதல் என்னும் சொல் நம் மொழியில் அரிசிக்கும் வரும், ஓவியத்துக்கும் வரும். அரிசியைத் தீட்டுகையில் ஒன்றை நீக்குகிறோம். ஓவியம் தீட்டுகையில் ஒன்றைச் சேர்க்கிறோம். வீணையைத் தீட்டுகையில் இரண்டும் நடக்கின்றன.

*

பட்டறைக்காரர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. மரத்தை ஐந்தாண்டு காயவைப்பதென்றால் ஐந்தாண்டு முதலீடு முடங்கிக் கிடக்கவேண்டும். மரமும் எளிதில் கிடைப்பதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டி வட்டாரத்தின் பலாக்களையும் முந்திரிகளையும் வேரோடு சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதே அழிவைச் செய்தது. முதிர்ந்த பலா ஒன்று உருவாக ஒரு தலைமுறை வேண்டும். வாங்குபவர் மரத்துக்கு விலை தர மறுத்து மினுக்கத்துக்கு விலை தருவாரானால், பட்டறை மினுக்கத்தைத்தான் விற்கும். அதைச் செய்பவருக்கும் அதில் பெருமை இருப்பதில்லை. தம் பிள்ளைகளை இத்தொழிலுக்குக் கொண்டுவர அவர்கள் தயங்குவதில் வியப்பும் இல்லை.

2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.  2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் கிடைத்தது. மகிழவேண்டிய செய்திகள். ஆனால் புவிசார் குறியீடு கருவி எங்கே பிறந்தது என்பதைச் சொல்கிறது. இந்தக் கருவியின் மரம் எத்தனை கோடை கண்டது என்பதைச் சொல்வதில்லை. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்வோர் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். உத்தரமாகப் பல்லாண்டு நின்று உலர்ந்து, வளைய வேண்டியது வளைந்து முடிந்த மரம் அது. அந்தத் தேடலில் சீவகனின் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

வேறொரு காரணத்தாலும் நம் காது மந்தப்பட்டுவிட்டது. 1938-இல் மறைந்த வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளில் ஒலிபெருக்கி இல்லை. கேட்பவர்கள் மூச்சை அடக்கி அருகில் அமர்ந்தார்கள் என்பார்கள். அந்நிலையில் மரம் பொய் சொல்ல முடியாது. இன்று குடத்தில் ஒட்டிய ஒலிவாங்கி எதையும் பெரிதாக்கிவிடுகிறது. மரம் இழந்ததை மின்சாரம் ஈடுசெய்துவிடும் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். அளவை அது ஈடுசெய்யலாம். கார்வையின் தரத்தை அன்று.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. புது வீணை வாங்குவோர், மெருகிடுமுன் மரத்தைக் காட்டுமாறு கேட்கவேண்டும். உலர்ந்த மரத்துக்குக் கூடுதல் விலை தரவேண்டும். மெல்லிய அரக்குப் பூச்சே போதும் என்று சொல்லவேண்டும். பழைய வீணை வைத்திருப்போர் அதைச் சுரண்ட விடாமல், துடைத்து, தேய்ந்த இடத்தில் மட்டும் பூசி, முதலில் குதிரையைச் சரிபார்க்கவேண்டும். அரசும் இசைக் கல்லூரிகளும் பட்டறைக் கூட்டுறவுகளும் சேர்ந்து பலா மரங்களை முன்கூட்டி வாங்கி, அறுத்து, தேதியிட்டு, நிழலில் உலரவைக்கும் ஒரு மரக் கிடங்கை அமைக்கவேண்டும். நெல்லுக்குக் களஞ்சியம் கட்டத் தெரிந்த மண்ணில் இது இயலாத காரியமன்று.

நம் வீட்டு வீணையின் தடித்த பூச்சை எடுத்துவிடலாமா என்று அந்த முதியவரிடம் கேட்டோம். "வேண்டாங்க. மறுபடி சுரண்டினா மரம் தாங்காது. இது இப்படியே இருக்கட்டும். வாசிக்க வாசிக்கத் திறக்கும்" என்றார். திறக்கிறதா, நம் காது பழகிவிட்டதா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மகள் நாள்தோறும் வாசிக்கிறாள். கொலுவுக்கு வருபவர்கள் இன்றும் அதன் பளபளப்பைப் புகழ்கிறார்கள். நாம் தலையாட்டிவிட்டு, காபி கொண்டுவர உள்ளே போய்விடுகிறோம்.